கொப்பியில் இல்லாத விடை: வகுப்பறை வினாக்கள் பற்றிப் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் வருடம், வட கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து கடைசி வாங்கில் அமர்ந்து, 40 நிமிடப் பாடவேளை முழுவதும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். வகுப்பு நன்றாகவே நடந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் கேட்பதும் பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வதுமாகப் பாடம் ஓடியது. மணி அடித்தபின் அவர் நீட்டிய தாளில் நான் கேட்ட வினாக்கள் ஒன்று விடாமல் இருந்தன, மொத்தம் 47. “தம்பி, என்ன விடை வரும் என்று முன்கூட்டியே தெரியாமல் நீங்கள் கேட்ட வினா இதில் எது என்று ஓர் அடையாளம் போடுங்கள்” என்றார். தேடித் தேடி ஒன்றைத்தான் கண்டுபிடித்தேன்: “மின்விசிறியை நிறுத்தியது யார்?”

அந்தத் தாளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தேன். பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கும் வினாக்களை எப்படித் தயாரிப்பது, எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பவற்றைப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஒழுங்குமுறையாகச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பறைகளிலிருந்து எடுத்தவை. பாடம் எதுவாயினும் முறை ஒன்றுதான்.

நன்னூலும் புளூமும்

வினாக்களை வகைப்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஒருவர் மற்றவருக்கும் அது தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. இலக்கணப் பாடத்தில் அதற்கு நாம் கொடுக்கும் உதாரணமே ஆசிரியர் மாணவரிடம் பாட்டுக்குப் பொருள் கேட்பதுதான். “வெண்கட்டி இருக்கிறதா?” என்பது கொளல்வினா, “யாரிடம் கொப்பி இல்லை?” என்று கையில் தாளுடன் கேட்பது கொடைவினா, “வீட்டுவேலை செய்தாயா?” என்பது பல வேளை ஏவல்வினா. என்னுடைய 47 வினாக்களையும் இந்த ஆறில் அடுக்கிப் பார்த்தபோது நாற்பதுக்கு மேல் அறிவினாவாகவே இருந்தன. ஐயவினா, அதாவது இதுவா அதுவா என்று பிள்ளையின் மனம் இரண்டு பக்கமும் இழுபடும் வினா, ஒன்றுகூட இல்லை.

ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லோரும் படிக்கும் வகைப்பாடு பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956 இல் வெளியிட்டது: அறிவு, விளக்கம், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு. லொரின் அண்டர்சன், டேவிட் கிராத்வோல் ஆகியோர் தலைமையில் 2001 இல் இது திருத்தப்பட்டு, நினைவுகூரல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுப்பாய்தல், மதிப்பிடல், ஆக்கல் என்று மாறியது. இந்த ஆறையும் கீழிருந்து மேலாக அடுக்கி, பரீட்சைச் சுவரொட்டிபோல ஆசிரியர் ஓய்வறைகளில் தொங்கும் அந்த முக்கோணத்தைப் பலரும் ஏணியாக எடுத்துக்கொண்டு, கீழ்ப்படிகளை எல்லாம் ஏறி முடித்தால்தான் மேலே போகலாம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் அந்த வேலை தொடங்கியது பல்கலைக்கழகப் பரீட்சகர்கள் தமக்குள் வினாக்களை வகைப்படுத்திப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து. பாடத்தை இந்த வரிசையில்தான் நடத்த வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, வினாச்சொல்லைப் பார்த்து வினாவின் தரத்தை முடிவு செய்வது. ‘எது’, ‘எப்போது’ என்றால் தாழ்ந்தது, ‘ஏன்’, ‘எப்படி’ என்றால் உயர்ந்தது என்று ஒரு பட்டியல் கையில் வைத்திருக்கிறோம். ஒல்லாந்தர் கண்டி அரசனோடு ஏன் உடன்படிக்கை செய்தனர் என்று நீங்கள் திங்கட்கிழமை காரணம் மூன்றையும் குறிப்பாகச் சொல்லி எழுதுவித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை “ஏன்?” என்று கேட்டால், அது நினைவுகூரல் வினாதான், ‘ஏன்’ என்ற சொல் அதை உயர்த்திவிடாது. மறுபுறம், “இந்த மூன்று காரணங்களில் எது இல்லாதிருந்தாலும் உடன்படிக்கை நடந்திருக்கும்?” என்பதில் இருப்பது ‘எது’ என்ற எளிய சொல்லே, ஆயினும் பிள்ளை மூன்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது. ஆகவே நான் பயன்படுத்தும் சோதனை ஒன்றே ஒன்று: இதன் விடை பிள்ளையின் கொப்பியில் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால், வாசகம் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது ஞாபகத்தைக் கேட்கும் வினா. இல்லாமலிருந்து, ஆனால் அந்த விடையைக் கட்டியெழுப்பத் தேவையான கற்கள் எல்லாம் கொப்பியில் இருந்தால், அதுவே நாம் தேடும் வினா. கற்களும் இல்லை என்றால் அது வெறும் ஊகம். பிள்ளை நம் முகத்தைப் பார்த்து விடையை வாசிக்க முயல்வான்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியது

நல்ல வினா வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது தானாக வாயில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருபது வருட அனுபவமுள்ளவருக்கு வரலாம், முதல் வருடத்தில் வருவது “விளங்கியதா?” மட்டுமே. பாடக் குறிப்பு எழுதும்போது ஒரு பாடவேளைக்கு ஒரேயொரு மைய வினாவை முழு வாக்கியமாக எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த வினாவைச் சிந்திக்கப் பிள்ளைக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய தகவல்களை நான்கைந்து வரியில் எழுதுங்கள். அதற்கும் கீழே, பிள்ளைகளிடமிருந்து வரக்கூடிய விடைகளில் மூன்றை, பிழையானது ஒன்று உட்பட, ஊகித்து எழுதுங்கள். மூன்று வெவ்வேறு விடைகளை உங்களாலேயே எழுத முடியாவிட்டால், நீங்கள் எழுதிய வினா அநேகமாக அறிவினாவே. கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

ஒரு முழு உதாரணம் தருகிறேன். கொழும்புத் துறைமுகம் பற்றிய பாடம். வழமையாகக் கேட்பது, “கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைத்தடுப்புச் சுவருக்கு எப்போது அடிக்கல் நாட்டப்பட்டது?” என்பது. 1875 இல், வேல்ஸ் இளவரசர் வந்து நாட்டினார். பிள்ளை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். இதே பாடத்துக்கு நான் எழுதிய மைய வினா: “காலியில் கப்பல்கள் ஏற்கெனவே வந்துபோய்க்கொண்டிருந்தன. அப்படியிருக்க, கடலுக்குள் சுவர் கட்டும் அளவுக்குச் செலவு செய்து கொழும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?”

இதற்குத் தேவையான கற்கள் இவை. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867 இல் எட்டிவிட்டது. சுயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று அடிக்கும்போது கடல் கொந்தளிக்கும். காலித் துறைமுகமும் அதற்குத் திறந்தே கிடந்தது, அங்கே நீருக்குள் பாறைகளும் இருந்தன. இந்தச் செய்திகளை எல்லாம் கரும்பலகையில் எழுதி, ஓர் இலங்கைப் படத்தையும் தொங்கவிட்டு, அதன் பிறகே வினாவைக் கேட்டேன். காரணத்தை நான் சொல்லவில்லை. கற்களை மட்டும் கொடுத்தேன். ‘தலைநகரம் என்பதால்’ என்று சிலர், ‘கோப்பி மூட்டைகளைக் கண்டியிலிருந்து ரயிலில் நேரே கொண்டுவரலாம்’ என்று சிலர், ‘காலியிலே பாறை’ என்று சிலர் சொன்னார்கள். ஒருவனுக்கு மட்டும், முதலில் கட்டிய சுவர் ஏன் தென்மேற்குப் பக்கமே இருக்கிறது என்ற எண்ணம் காற்றின் திசையைப் பார்த்தவுடன் வந்துவிட்டது. அடுத்த வினா அங்கேயே தயாராக இருந்தது: இலைநோயால் கோப்பி அழிந்துபோன பின்னரும் துறைமுகம் ஏன் அழியவில்லை?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுகளும் பெயர்களும் இந்த வினாவுக்குப் பகை அல்ல. 1867 உம் 1869 உம் தெரியாத பிள்ளையால் இவ்விரண்டையும் 1875 உடன் சேர்த்துப் பார்க்க முடியாது. பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தில் வேகமாகப் பத்து நினைவுகூரல் வினாக்களைக் கேட்டுத் தகவல்களை மேசைமேல் எடுத்து வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. முழு 40 நிமிடமும் அதிலேயே போய்விடுவதுதான் குற்றம்.

வாசகமும் சொற்களும்

வினாவை ஒரே மூச்சில், ஒரே வினாவாகக் கேளுங்கள். “ஏன் கொழும்பு? காலியில் என்ன குறை? யார் இதை முடிவு செய்தது? சொல்லுங்கள் பார்ப்போம்” என்று அடுக்கினால், பிள்ளைகள் கடைசியாக வந்த, இலகுவான ஒன்றுக்கு மட்டும் விடை சொல்வார்கள். பெயரை முன்னால் சொல்லி வினாவைப் பின்னால் கேட்பதையும் தவிருங்கள். “கமலா, நீ சொல்” என்று தொடங்கினால், மற்ற நாற்பது பேரும் அந்தக் கணமே தம் வேலை முடிந்தது என்று நிம்மதியடைகிறார்கள். முதலில் வினா, பின் அமைதி, அதற்குப் பின்னர்தான் பெயர்.

சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கொழும்பு வகுப்பறையில் யாழ்ப்பாணத்துப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் வீடுகளின் பேச்சு, அயலில் சிங்களம் கலந்த பேச்சு எல்லாம் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும். நாம் “பகுப்பாய்க”, “நியாயப்படுத்துக” என்று வினாத்தாள் மொழியில் கேட்கும்போது, சிந்தனை இல்லாததால் அல்ல, சொல் விளங்காததால் பல பிள்ளைகள் வாயடைத்துப்போகிறார்கள். நான் முதலில் பேச்சுமொழியில் கேட்டு, பேச்சுமொழியிலேயே விடையும் பெற்றுக்கொள்வேன். அது கரும்பலகைக்கு வரும்போது எழுத்துத் தமிழாக மாறும். ‘நியாயப்படுத்துக’ என்பது ‘அப்படிச் சொல்ல உனக்கு என்ன ஆதாரம்?’ என்பதே என்று ஒரு முறை செய்து காட்டினால் போதும். அதன்பின் அந்தச் சொல்லைக் கண்டு பரீட்சையிலும் அஞ்சமாட்டார்கள்.

கேட்டபின் வாயை மூடிக்கொள்வது

இது மிகக் கடினமான படி. எழுதும்போது சிறியதாகத் தோன்றும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970 களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, வினாவைக் கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று செக்கனாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது விடைகள் நீளமாயின, விடை சொல்லாதோர் குறைந்தனர், பிள்ளைகள் தாமாகவே வினாக்கேட்பதும் கூடியது. மூன்று செக்கன் என்பது வாசிக்கும்போது ஒன்றுமில்லை. நாற்பது முகங்களுக்கு முன்னால், அரைச்சுவருக்கு அப்பால் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, வராந்தாவில் அதிபர் நடந்து வரும்போது, அது ஒரு யுகம். நம் வாய் தானாகத் திறந்து விடையைச் சொல்லிவிடும். நான் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன்: வினாவைக் கேட்டவுடன் கரும்பலகையிலிருந்து வாசல் வரை மெல்ல நடந்து திரும்புவேன். திரும்பும் வரை யாரையும் பார்க்கமாட்டேன், பேசவும் மாட்டேன்.

ரோ சுட்டிக்காட்டிய இரண்டாவது காத்திருப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பிள்ளை விடை சொல்லி முடித்தபின் நாம் காக்கும் மௌனம். “மிகவும் சரி!” என்று நாம் உடனே பாய்ந்தால் அந்த விடை அங்கேயே முடிந்துவிடும். மூன்று செக்கன் பொறுத்தால், அதே பிள்ளை ‘ஏனென்றால்...’ என்று தொடர்வதை அடிக்கடி காணலாம்.

பெரிய வகுப்பில் மௌனம் மட்டும் போதாது, ஏனெனில் மௌனத்திலும் முன்வாங்குப் பிள்ளைகள் ஐந்து பேரே சிந்திப்பார்கள், கடைசி வாங்கு ஜன்னலைப் பார்க்கும். ஆகவே மைய வினாவுக்கு எல்லோரும் முதலில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்று பழக்குங்கள். ஒரு நிமிடம் போதும். அடுத்துப் பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசட்டும். பின்னர் வகுப்புக்குச் சொல்லட்டும். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் லைமன் 1981 இல் முன்வைத்த முறை இது; வாங்குகளை நகர்த்த இடமில்லாத வகுப்பிலும் செய்யலாம் என்பதே அதன் அருமை. யாரை அழைப்பது என்பதற்கு, பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சிகளை ஒரு பேணியில் போட்டு எடுப்பேன். எழுதிவைத்த வரி கையில் இருப்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் வெறுங்கையோடு எழுந்து நிற்க வேண்டியதில்லை, வாசித்தால் போதும். சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பார்த்துப் பகுதித் தலைவர் ஒரு நாள் வாசலில் வந்து நிற்பார். நின்று பார்க்கட்டும்.

விடைக்கு எதிர்வினா

நன்னூல் விடைகளையும் எட்டாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று ‘வினா எதிர் வினாதல்’. கேட்டவரிடமே திருப்பி ஒரு வினாவை விடையாகக் கேட்பது. வகுப்பறையில் ஆசிரியரின் மிகப் பயனுள்ள ஆயுதம் இதுவே என்று நான் கருதுகிறேன். ஒரு பிள்ளை விடை சொன்னதும், சரி பிழை என்று தீர்ப்பு வழங்குமுன் இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: “அதை எதிலிருந்து அறிந்தாய்?”, “இதற்கு மாறாக யாராவது சொல்ல முடியுமா?”, “இது எப்போதும் உண்மையா, சில வேளை மட்டுமா?”, “பாத்திமா சொன்னதற்கும் நீ சொன்னதற்கும் என்ன வேறுபாடு?” கடைசியில் உள்ளது விசேடமானது. அதற்கு விடை சொல்ல, பிள்ளை மற்றப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு விடையையும் உரத்த குரலில் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ள வகுப்பில், பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதே இல்லை. ஆசிரியர் எப்படியும் சொல்வார்தானே என்று இருந்துவிடுகிறார்கள்.

எதிர்வினாவைப் பிழையான விடைக்கு மட்டும் கேட்பது ஆபத்து. அப்படிச் செய்தால், “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்று நீங்கள் கேட்ட அந்தக் கணமே தான் பிழை என்று பிள்ளை முடிவு செய்து விடையை மாற்றிக்கொள்ளும். சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு கேட்க வேண்டும்.

பிழையான விடையை என்ன செய்வது

வெள்ளவத்தைப் பக்கமாக ஒரு பாடசாலையில், ஓர் இளம் ஆசிரியையின் விஞ்ஞான வகுப்பை அவதானிக்கச் சென்றிருந்தேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதற்குள் ஐஸ் கட்டிகளும் நீரும். கொழும்பின் ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்திலேயே குவளையின் வெளிப்புறம் முத்து முத்தாகத் துளி கட்டிவிட்டது. “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று அவர் கேட்டார். கட்டையான ஒரு பையன் எழுந்து, “மிஸ், கிளாஸ் ஒழுகுது” என்றான். வகுப்பே சிரித்தது.

அந்த இடத்தில் நானாக இருந்தால், முதல் வருடத்தில், “பிழை, அடுத்தவர்” என்றிருப்பேன். அவர் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தார். பின், “சரி, ஒழுகுது என்று வைப்போம். தண்ணீருக்குப் பதிலாக உள்ளே நெக்டோ ஊற்றியிருந்தால், வெளியே என்ன நிறத்தில் துளி வரும்?” என்று அதே பையனிடம் கேட்டார். அவன் யோசித்து, “சிவப்பு வரணும்” என்றான். அடுத்த நிமிடம் கன்டீனிலிருந்து ஒரு போத்தல் நெக்டோ வந்தது. ஊற்றி, ஐஸ் போட்டு, காத்திருந்து, வெள்ளைத் தாளால் வெளிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். தாளில் நிறமே இல்லை. யாரும் அவனைப் பிழை என்று சொல்லவில்லை. அவனே, “அப்ப ஒழுகல்ல” என்றான். கொஞ்ச நேரங்கழித்து நடு வாங்கிலிருந்து ஒரு சிறுமி, “காத்திலேருந்து வந்திருக்குமா மிஸ்?” என்று ஐயத்தோடு கேட்டாள். ‘ஒடுங்கல்’ என்ற சொல்லை ஆசிரியை அதன் பிறகே கரும்பலகையில் எழுதினார். மணி அடிக்குமுன் அவர் கேட்ட கடைசி வினா: “அப்படியானால் சூடான பிளேன்டீ ஊற்றிய கிளாஸின் வெளியே ஏன் துளி கட்டுவதில்லை?”

பிழையான விடைக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கும். அந்தக் கருத்து உண்மையாயின் வேறு என்ன நடக்க வேண்டும் என்று கேட்பதே இங்கு நடந்தது. இதற்குப் பிழையான விடைகளை முதல் நாளே ஊகித்திருக்க வேண்டும். குவளை ஒழுகுகிறது என்பார்கள் என்று தான் எதிர்பார்த்தே வந்ததாக அந்த ஆசிரியை பின்னர் சொன்னார். நெக்டோ மட்டும்தான் அந்தக் கணத்தில் தோன்றியதாம்.

கணிதமும் தமிழும்

கணிதத்தில் சிந்தனை வினா கேட்க முடியாது, அங்கே ஒரே விடைதான் என்று கணித ஆசிரியர்கள் என்னிடம் சொல்வதுண்டு. வினாவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். “நீளம் 8 சென்ரிமீற்றர், அகலம் 4 சென்ரிமீற்றர்; சுற்றளவு என்ன?” என்பதற்குப் பதிலாக, “சுற்றளவு 24 சென்ரிமீற்றர். செவ்வகம் எப்படியெல்லாம் இருக்கலாம்?” என்று கேளுங்கள். பக்கங்கள் முழு எண்களானால் ஆறு செவ்வகங்கள் கிடைக்கும். பரப்பளவு 11, 20, 27, 32, 35, 36 என்று ஏறும். சதுரத்தில் வந்து ஏன் நிற்கிறது, ஏறும் அளவு ஏன் 9, 7, 5, 3, 1 என்று குறைகிறது என்பவற்றை நீங்கள் கேட்கத் தேவையே இல்லை, யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்.

தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். “கோவலன் ஏன் கொலையுண்டான்?” என்ற வினாவுக்கு விடை குறிப்பிலேயே இருக்கும். “கோவலனின் கொலையைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி மனிதர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பொய் சொன்ன பொற்கொல்லன், விசாரிக்காமல் ஆணையிட்ட பாண்டியன், கோவலனின் தோற்றத்தைப் பார்த்து இவன் கள்வன் அல்லன் என்று தயங்கிய காவலன், வெறியில் வாளை வீசிய கல்லாத காவலன் என்று நால்வரையும் பிள்ளைகள் வரிசைப்படுத்த வேண்டும்; பாட்டைத் திரும்பத் திறக்காமல் அது முடியாது. ஒரு முறை ஒரு மாணவி, சிலம்பைத் தனியே விற்கப் போன கோவலனே என்றாள். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

பரீட்சை வருகிறதே என்ற கவலை

தவணைப் பரீட்சை, புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று வருடம் முழுவதும் பரீட்சை மயமாக இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பது நியாயமே. 2007 இல் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டமும், மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் ஈடுபடுத்துதல், கண்டறிதல், விளக்கமளித்தல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை நம் கையில் தந்திருக்கின்றன. மைய வினாவை முதற்படியில் கேட்டுவிட்டு, கடைசிப் படியில் அதே வினாவுக்குத் திரும்பி வந்தால் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ரியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்குக் குறிப்பும் கடந்தகால வினாத்தாளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதையே பாடசாலையிலும் நாம் திருப்பிச் செய்தால், பிள்ளை காலையில் வந்து எங்கள் முன்னால் இருப்பதற்கான காரணம் என்ன?

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். விவாதத்தோடு பாடவேளையை முடித்துவிட்டால், “சேர், சரியான விடை என்ன?” என்ற கவலை வீடு வரை போகும், பெற்றோர் தொலைபேசியில் அழைப்பார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் முடிவையும் அதற்கான ஒரு ஆதாரத்தையும் கொப்பியில் இரண்டு வரியில் எழுதட்டும். தகவல் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்துங்கள். முடிவை அடிக்க வேண்டாம்.

கணக்கு வைத்துக்கொள்ளல்

மாதம் ஒரு முறை, நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரைக் கடைசி வாங்கில் இருக்கச் சொல்லி வினாக்களை எழுதுவியுங்கள். முடியாவிட்டால் கைத்தொலைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து மாலையில் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மூன்றை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை வினா, விடை கொப்பியில் இல்லாதவை எத்தனை, பிள்ளைகள் கேட்டவை எத்தனை. முதல் எண் குறைந்து மற்ற இரண்டும் ஏறினால் சரியான பாதை. என் முதல் தாளில் மூன்றாவது எண் பூச்சியம்.

அந்தப் பூச்சியம் மாற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. துறைமுகப் பாடத்தை மறுபடி நடத்திய ஒரு நாள், எல்லோரும் கொப்பியை மூடிக்கொண்டிருக்கும்போது, மட்டக்குளியிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து நின்று, “சேர், சுவர் கட்டி மறிச்சாங்க, சரி. அந்த அலை அதுக்குப் பிறகு எங்க போச்சு?” என்று கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை. வினாவைக் கரும்பலகையின் வலது மூலையில் பெரிதாக எழுதி, அடுத்த கிழமை வரை அதை அழிக்க விடவேண்டாம் என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டு, புவியியல் ஆசிரியரைத் தேடிக்கொண்டு ஓய்வறைக்குப் போனேன்.